கணக்கு டீச்சருக்குத் தெரியாத ஆள்

கணக்கு டீச்சர் பொய் சொல்கிறவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் நடந்ததைக் கேட்டுவிட்டு ஆளாளுக்கு அவளைத் திட்ட ஆரம்பித்துவிடுவீர்கள். பரீட்சைத் தாளில் அரை மார்க் கூட்டிப் போடச் சொல்லித் தலைமையாசிரியரே வந்து நின்றாலும் "தப்பு தப்புதான் சார்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவள் வாழ்க்கையில் ஒரே ஒரு பொய்யைத்தான் வளர்த்தாள். அதையும் வாயால் சொல்லவில்லை, தலையை மட்டும்தான் ஆட்டினாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆசிரியர் அறையில் யாரோ கேட்டார்கள்: "வீட்டுக்காரர் என்ன பண்றார்?"

"லிஃப்ட் கம்பெனில இருக்கார்."

"ஓ, இன்ஜினியரா?"

'இல்லைங்க, மெக்கானிக்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடப்போகிறது? சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த அறையில் ஒருத்தியின் புருஷன் டாக்டர், இன்னொருத்தியின் புருஷன் வங்கி மேலாளர். டீச்சர் தலையை ஆட்டிவிட்டாள். அதற்கப்புறம் அந்தத் தலையாட்டலுக்குச் சோறு போட்டு வளர்த்தது மற்றவர்கள்தான். "உங்க இன்ஜினியர் சார் ஏன் எந்த விழாவுக்கும் வர்றதே இல்ல?" என்பார்கள். "அவருக்கு நேரமே கிடைக்காது" என்பாள்.

இன்ஜினியர் சாருக்கு நேரமெல்லாம் நிறையவே இருந்தது. நீலச் சட்டை, மேல் பையில் டெஸ்டர், எந்த சோப்புக்கும் மசியாத கறுப்பு ஏறிய நகங்கள். "மேல போறவங்கள மேல அனுப்பறேன், கீழ வர்றவங்களப் பத்திரமா கீழ இறக்கறேன். இதைவிடப் புண்ணியமான வேலை எது சொல்லு" என்று வீட்டில் பீற்றிக்கொள்வார். பள்ளிக்கூடத்து ஆண்டு விழா அன்று மட்டும், அவளை வண்டியில் கொண்டுவிடும்போது, "நானும் உள்ள வரட்டுமா?" என்று கேட்பார். "அங்க எல்லாரும் இங்கிலீஷ்லதாங்க பேசுவாங்க. உங்களுக்கு போரடிக்கும்" என்பாள் டீச்சர்.

"அதுவும் சரிதான்" என்று பள்ளிக்கூடத்துக்கு ஒரு தெரு தள்ளியே வண்டியை நிறுத்திவிடுவார். விழா முடிகிறவரை அங்கேயே, வண்டிமேல் சாய்ந்துகொண்டு, போகிற வருகிறவர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார். மனுஷன் அதை நம்பினார். இங்கிலீஷ்தான் குறுக்கே நிற்கிறது என்று முழுசாக நம்பினார். கதையே அதில்தான் இருக்கிறது.

இப்படி இருக்கையில்தான் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. பள்ளிக்கூடத்தில் வீட்டில் வேறு வேறு மொழி பேசும் பிள்ளைகள் அதிகமாகிவிட்டார்கள். ஆகவே ஆசிரியர் சான்றிதழ் வைத்திருக்கிற எல்லாரும், எந்தப் பாடமானாலும் சரி, இங்கிலீஷை இரண்டாம் மொழியாகச் சொல்லித்தரப் பயிற்சி எடுத்தே ஆகவேண்டும். ஆசிரியர் அறையே கொதித்தது. "முக்கோணத்துக்கு மூணு பக்கம். இதைச் சொல்ல எனக்கு இன்னொரு சான்றிதழ் வேணுமா?" என்று குதித்தவர்களில் முதல் ஆள் நம் டீச்சர். குதித்தாளே தவிர, உள்ளுக்குள் கொஞ்சம் குஷிதான். இங்கிலீஷில் அவளை அசைக்க ஆள் கிடையாது.

பயிற்சி, கடைத்தெருவில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில். சாயங்காலம் பள்ளி விட்டதும் ஓட வேண்டும். எழுதுகிற பலகை ஒட்டிய நாற்காலிகள், காய்ந்துபோன மார்க்கர் பேனாக்கள், சொட்டு சொட்டாக வாளியில் ஒழுகும் ஏ.சி. பயிற்சி கொடுத்த அம்மாளை எல்லாரும் மேடம் என்றார்கள். வெள்ளைத் தலை, சின்ன உருவம், அதட்டாத குரல். முதல் நாளே டீச்சருக்கு மண்டகப்படி. அவள் ஒரு மாதிரிப் பாடம் எடுத்து முடித்ததும் மேடம் கேட்டார்: "நல்லா பேசினீங்கம்மா. ஆனா யாரு இங்கிலீஷ் கத்துக்கணும், நீங்களா அவங்களா?"

டீச்சருக்குச் சுருக்கென்றது. ஆனால் விஷயம் புரிந்தது. மேடம் சொன்ன முறைகள் எல்லாம் நேர்மாறாக இருந்தன. வாத்தியார் குறைவாகப் பேச வேண்டும். பொருளைக் காட்ட வேண்டும், நடித்துக் காட்ட வேண்டும். கேள்வி கேட்டுவிட்டால் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அவர்கள் திணறினாலும் வாக்கியத்தை நாம் முடித்து வைக்கக் கூடாது. "அந்த மௌனத்தைத் தாங்கிக்கப் பழகுங்க. வாத்தியாருக்கு அதுதான் கஷ்டம்" என்றார் மேடம்.

இரண்டாவது வாரத்திலிருந்து நிஜ மாணவர்கள். பிள்ளைகள் இல்லை, பெரியவர்கள். கட்டடத்து வாசலில் 'இலவச ஆங்கில வகுப்பு' என்று ஒட்டியிருந்ததைப் பார்த்துச் சேர்ந்தவர்கள்: தையல்காரி, காய்கறிக் கடைக்காரர், ஒரு செக்யூரிட்டி, இன்னும் சிலர். பயிற்சிக்கு வந்த ஆசிரியர்கள் ஆளுக்கொரு நாள் பாடம் எடுக்க, மற்றவர்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்து கவனித்துக் கருத்துச் சொல்ல வேண்டும். ஆட்கள் உள்ளே வருவதற்கு முன்னால் மேடம் கேட்டார்: "கதவுக் கண்ணாடி வழியா பாருங்க. யாராவது உங்களுக்குத் தெரிஞ்சவங்களா இருந்தா சொல்லிடுங்க. அறிமுகம் பண்ணிட்டா அவங்களுக்கும் கூச்சம் போகும்."

டீச்சர் பார்த்தாள். வெளியே வராந்தாவில், தலையைப் படிய வாரி, அவள் இஸ்திரி போட்டு வைத்திருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, புது பேனாவோடு நின்றுகொண்டிருந்தார் அவள் வீட்டுக்காரர்.

"உங்களுக்கு யாராவது தெரியுமாம்மா?" என்றார் மேடம்.

"இல்ல மேடம்" என்றாள்.

இந்தத் தடவை தலையாட்டல் இல்லை. வாயாலேயே சொன்னாள்.

அவர் உள்ளே வந்து அவளைப் பார்த்தார். முகம் பளிச்சென்று மலர்ந்தது. டீச்சர் சட்டென்று குனிந்து பையில் எதையோ தேட ஆரம்பித்தாள். தேடினாள், தேடினாள், அப்படி ஒரு தேடல். நிமிர்ந்தபோது அவர் முன்வரிசையில் உட்கார்ந்து பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் வெடித்தாள். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"அந்தக் கட்டடத்து லிஃப்ட் என் கையிலதானே இருக்கு. சர்வீஸுக்குப் போனப்ப ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். உனக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னு பேரைக் குடுத்துட்டேன். நீங்கள்லாம் அங்க படிக்கிறீங்கன்னுதான் நெனச்சேன், எங்களுக்கே பாடம் நடத்துவீங்கன்னு யாரு கண்டா?" என்று சிரித்தார். "அடுத்த ஆண்டு விழாவுக்கு உள்ள வந்து உட்காரலாம் பாரு. போரடிக்காது."

ஒன்பதாவது படிக்கும் மகள் கைதட்டினாள். "அப்பா, ஹோம்வொர்க் நான் பாத்துக்கறேன்!"

இப்போதாவது டீச்சர் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் வாயில் வந்தது வேறு. "வாங்க. ஆனா தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க. சொந்தக்காரங்க யாராவது வகுப்புல இருந்தா எங்களுக்குச் சான்றிதழ் தர மாட்டாங்க. ரூல்ஸ் அப்படி."

"அடடா, அப்படியா? சரி, ரூல்ஸ்னா ரூல்ஸ்" என்றார். அவருடைய தொழிலில் விதியை மீறினால் ஆள் செத்துப்போவான். அவருக்கு அது புனிதமான சொல். பார்த்தீர்களா, பொய் சொல்கிறவள் இல்லை என்றேன். ஒரே நாளில் எவ்வளவு தேறிவிட்டாள்.

அவர் அந்த ரூல்ஸை அப்படிக் காப்பாற்றினார். அவள் பள்ளிக்கூடத்திலிருந்தே பயிற்சிக்கு வந்திருந்த ட்ராயிங் மாஸ்டர் பாடம் எடுத்த அன்று ஒவ்வொருவரையும் குடும்பத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டே வந்தார். இவர் முறை வந்தது. "ஆர் யூ மேரீட்?" "எஸ்." "வாட் டஸ் யுவர் வைஃப் டூ?"

கேட்டுவிட்டு மாஸ்டர், மேடம் சொல்லிக்கொடுத்தபடி, வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார். வகுப்பே காத்திருந்தது. ஏ.சி. வாளியில் சொட்டுகிற சத்தம் மட்டும். கடைசி வரிசையில் டீச்சர் நோட்டில் வெறும் கோடாகக் கிழித்துக்கொண்டிருந்தாள். அவர் திரும்பவே இல்லை. பொய்யும் சொல்லக் கூடாது, ரூல்ஸும் உடையக் கூடாது, யோசித்து யோசித்து, கடைசியில் எழுந்து நின்று சொன்னார்: "மை வைஃப்... வெரி பிசி."

கொல்லென்று சிரிப்பு. அவரும் சேர்ந்து சிரித்தார். அப்பாடா என்று டீச்சருக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்த அந்த நிமிஷமே தன்மேல் ஒரு அருவருப்பும் வந்தது. ஆனால் எழுந்து நிற்கவில்லையே.

இடைவேளையில் டீ குடிக்கும்போது பி.டி. மாஸ்டர் அதே மாதிரி எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, "மை வைஃப்... வெரி பிசி" என்று நடித்துக் காட்டினார். நல்லவர்தான், வாய்தான் சும்மா இருக்காது. "இப்படி விட்டுட்டு அலையுற பொண்டாட்டி யாரோ, பாவம் அந்த ஆளு!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்காமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்களோ என்று டீச்சரும் சிரித்தாள். சத்தமாகவே சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தால், வராந்தாவில் தண்ணீர் கேன் பக்கத்தில் டம்ளரும் கையுமாக அவர்.

வழியில் நிற்கிறோமே என்று சுவரோரமாக ஒதுங்கிக்கொண்டார். "எக்ஸ்கியூஸ் மீ" என்றார், போன வாரம் சொல்லிக்கொடுத்தது. டீச்சர் கடந்து போனாள். அவள் சிரிப்பு அவருக்குத் தெரியாதா? அத்தனை வருஷமாக வீட்டில் கேட்கிற சிரிப்பு.

அதோடு முடிந்திருந்தால்கூட ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்திருப்பாள். அடுத்த வாரம் ட்ராயிங் மாஸ்டர் ஒரு வயதான அம்மாளைக் கையைப் பிடித்து வகுப்புக்குள் கூட்டிக்கொண்டு வந்தார். "எங்க அத்தை. என் மாமியார்! பேரப் பிள்ளைங்க ஃபோன்ல இங்கிலீஷ்ல பேசுதுங்க, இவங்களுக்கு ஒண்ணும் புரியலன்னு ஒரே புலம்பல். மேடம், சேர்த்துக்குவீங்களா?"

"இது என்ன கேள்வி? சொந்தக்காரங்க இருந்தா நமக்கு இன்னும் நல்லதுதான்" என்றார் மேடம். "அவங்க வீட்லயும் பேசிப் பழகலாமே. மத்தவங்களும் கூட்டிட்டு வாங்கப்பா."

மாமியார் முன்வரிசையில் உட்கார்ந்ததும், "மாப்பிள்ளை எனக்கு மார்க் கூடப் போடணும், சொல்லிட்டேன்" என்று ஒரு போடு போட்டார். அறை முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் மெக்கானிக் மெல்லத் திரும்பி, கடைசி வரிசையைப் பார்த்தார். ஒரே ஒரு தடவை. கோபமில்லை. நின்றுபோன லிஃப்டில் எந்த ஒயர் அறுந்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் வருமே ஒரு முகம், அந்த முகம். பிறகு பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றைக்கு வீட்டில் டீச்சர் காத்திருந்தாள். கேட்கட்டும், திட்டட்டும், தட்டைத் தூக்கி எறியட்டும், காலில் விழுந்துவிடலாம் என்று காத்திருந்தாள். அவர் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, நிதானமாகச் சாப்பிட்டார்.

"அந்த ட்ராயிங் மாஸ்டர் நல்ல மனுஷன்" என்றார்.

அவ்வளவுதான். "இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்று கேட்டாள். "போதும்மா" என்று எழுந்துவிட்டார். மகளோடு உட்கார்ந்து வழக்கம்போல வாசிக்கப் போனார். வகுப்பையும் நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தாலாவது டீச்சருக்கு அழ ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

கடைசிப் பாடத்தில்தான் ஆசிரியர்களுக்கு மார்க். டீச்சருக்கு வந்த தலைப்பு, ஒருவர் ஏதாவது கொடுக்கும்போது மரியாதையாக மறுப்பது. வகுப்பிலேயே அதிகம் தடுமாறுகிறவரோடுதான் நடித்துக் காட்ட வேண்டும் என்பது மேடத்தின் வழக்கம். "அந்த மெக்கானிக்கைக் கூப்பிடுங்கம்மா. நல்லா முயற்சி பண்றாரு, வேகம்தான் வரல" என்றார்.

எதிரும் புதிருமாக நின்றார்கள். கல்யாணத்துக்குப் பிறகு இத்தனை பேர் முன்னால் இருவரும் சேர்ந்து நின்றதே இல்லை என்று டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. கையை நீட்டி நாற்காலியைக் காட்டினாள். "ப்ளீஸ் கம் இன், சார். ப்ளீஸ் சிட்."

"நோ தேங்ஸ்... நான்... ஐ ஃபைன்" என்று தரையைப் பார்த்துக்கொண்டு முனகினார்.

குறுக்கே திருத்தவில்லை. அவள் சொல்லிக் காட்டினாள். அவர் திருப்பிச் சொன்னார். மறுபடி. மறுபடி. கீழே பார்க்கக் கூடாது, எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்க்க வேண்டும் என்று சைகையால் காட்டினாள். கையை நெஞ்சில் வைத்துக்கொண்டால் மறுப்பதுகூட மரியாதையாகத் தெரியும் என்று காட்டினாள். லேசாகச் சிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் கோபம் மாதிரி இருக்கும். 'தேங்க் யூ'வுக்குப் பிறகு ஒரு சின்ன இடைவெளி விட வேண்டும். அவர் எல்லாவற்றையும் அக்கறையாகக் கவனித்தார். கடைசியில் ஒருமாதிரி ஒப்பேற்றிவிட்டார். வகுப்பு கைதட்டியது.

"பிரமாதம்மா" என்றார் மேடம். "நீங்க அவ்வளவா பேசவே இல்ல, கவனிச்சீங்களா? அந்த மனுஷனை என்னமா கொண்டுவந்துட்டீங்க! இனி அவர் எங்க போனாலும் இது அவர்கூடவே வரும்."

டீச்சர் முதல் மார்க். வாழ்க்கையில் வாங்கிய எந்த மார்க்கும் அவளை அப்படிக் கூனிக் குறுக வைத்ததில்லை.

சான்றிதழ் கொடுக்கிற நாள், குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். மகளுக்குப் பரீட்சை. காலையிலேயே டீச்சர் அவரிடம் சொன்னாள்: "இன்னைக்கு நீங்க என்கூட மேல வரணும்."

"கொண்டுவந்து விடறேன், வா" என்றார்.

பழக்கம் விடுமா, ஒரு தெரு தள்ளியே வண்டியை நிறுத்தப் போனார். "இங்க இல்லைங்க, வாசல்லயே" என்றாள். வாசலில் நிறுத்தினார். அவள் இறங்கினாள். அவர் ஸ்டாண்ட் போட்டுவிட்டு, வழக்கம்போல வண்டிமேல் சாய்ந்துகொண்டார்.

"வாங்க."

"நீ போய் வாங்கிட்டு வா. நேரமாச்சு."

"நீங்க இல்லாம நான் போகல." குரல் உடைந்தது. "நான் பண்ணதெல்லாம் எனக்குத் தெரியுது. அன்னைக்கு இடைவேளையில சிரிச்சது முதக்கொண்டு. ரூல்ஸ்னு ஒண்ணுமே கிடையாதுங்க."

"தெரியும்மா" என்றார் மெதுவாக. "இங்கிலீஷும் காரணமில்ல."

அந்த நேரம் பார்த்து மேலே மூன்றாம் மாடிக் கைப்பிடிச் சுவரில் ட்ராயிங் மாஸ்டரின் தலை தெரிந்தது. பக்கத்தில் பி.டி. மாஸ்டர், மாமியார், மேடம், எல்லாருமே இருந்தார்கள். "டீச்சர்! உங்களைத்தான் தேடறாங்க! அட, நம்ம மெக்கானிக் சாரா அது? உங்களுக்கு முன்னமே பழக்கமா?"

மாஸ்டர் கேட்டுவிட்டுக் காத்திருந்தார். எல்லாரும் காத்திருந்தார்கள். அந்த மௌனத்தை டீச்சரால் தாங்க முடியவில்லை, ஆனால் இந்தத் தடவை அவள் குனிந்து பையைத் துழாவவில்லை.

"என் வீட்டுக்காரர், மாஸ்டர்!" என்று கத்தினாள். கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது. "இன்ஜினியர் இல்ல. மெக்கானிக். எங்கிட்டத்தான் தப்பு. அன்னைக்கு மேடம் கேட்டப்ப தெரியாதுன்னு சொல்லிட்டேன்."

பி.டி. மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு மேடம்தான் கையசைத்து, "ரெண்டு பேரும் மேல வாங்கம்மா" என்றார்.

டீச்சர் அவர் பக்கம் திரும்பினாள். கன்னமெல்லாம் கண்ணீர். துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. எத்தனையோ ஆண்டு விழாக்களில் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோன மனுஷனுக்கு முன்னால் கையை நீட்டினாள். "வாங்க, போலாம்."

அவர் நிமிர்ந்து நின்றார். தரையைப் பார்க்கவில்லை, அவள் கண்ணைப் பார்த்தார். வலது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். லேசாகச் சிரித்தார். கோபம் துளிக்கூட இல்லை.

"நோ, தேங்க் யூ" என்றார். ஒரு சின்ன இடைவெளி விட்டார். "ஐ ஆம் ஃபைன் ஹியர்."

ஒரு தப்பும் இல்லை. அவள் சொல்லிக்கொடுத்தபடியே இருந்தது.